டிரெய்லரில் ஒரு துண்டுப் பாசி

ஒரு நல்ல மனிதரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்துக்காரர் என்று வைத்துக்கொள்வோம். வரி ஒழுங்காகக் கட்டுகிறார். சிக்னலில் ஆளே இல்லாவிட்டாலும் நிற்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போனால் அவர் நாய்க்குச் சோறு போடுகிறார். அவருக்கு உள்ள ஒரே சபலம் மீன்பிடித்தல். அதற்காகச் சின்னதாக ஒரு மோட்டார் படகு வைத்திருக்கிறார். அந்த ஊரில் அது ஒன்றும் ஆடம்பரம் இல்லை, நம் ஊர் டூவீலர் மாதிரி. மின்னசோட்டாவின் கார் நம்பர் பிளேட்டிலேயே 'பத்தாயிரம் ஏரிகள்' என்று எழுதியிருக்கும். பத்து ஏக்கரும் அதற்கு மேலுமாக 11,842 ஏரிகள் என்று எண்ணியே வைத்திருக்கிறார்கள். உள்ளதைவிடக் குறைத்துச் சொல்லும் விளம்பரத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை ஒரு ஏரியில் மீன் பிடிக்கிறார். சாயங்காலம் படகைத் தண்ணீரிலிருந்து இழுத்து டிரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வீடு. ஞாயிறு மத்தியானம் அறுபது மைல் தள்ளி இன்னொரு ஏரி. டிரெய்லரின் அச்சில் ஒரு முழ நீளத்துக்குப் பாசி சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. அதை அவர் பார்க்கவில்லை. அந்தப் பாசியில் மிளகு சைஸில் நாலைந்து சிப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டிரெய்லர் இரண்டாவது ஏரியில் முங்குகிறது. பாசி கழன்று மிதக்கிறது.

அவர் செய்தது இவ்வளவுதான். இதைக் குற்றம் என்று சொல்லலாமா?

'போங்க சார், இதெல்லாம் ஒரு கேள்வியா' என்று பக்கத்தைப் புரட்டுவதற்கு முன் அந்தச் சிப்பியைப் பற்றிக் கொஞ்சம் கேட்டுவிடுங்கள். அதன் பெயர் ஸீப்ரா மஸ்ஸல். கட்டைவிரல் நகம் அளவுதான் வளரும். ஓட்டின் மேல் வரிக்குதிரை மாதிரி பட்டைகள். பூர்வீகம் கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்து நதிகள். ஐரோப்பாவில் கால்வாய்கள் வெட்டி நதிகளை இணைத்தபோது அவற்றின் வழியே கிளம்பியது. 1824-ல் லண்டன் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. அதன்பின் அட்லாண்டிக்கைக் கடக்க நூற்று அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. காலிக் கப்பல் ஆடாமலிருக்க அடிவயிற்றில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் அல்லவா, அந்தத் தண்ணீரில் வந்ததாகத்தான் விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். 1988-ல் அமெரிக்க, கனடா எல்லையில் இருக்கும் செயின்ட் கிளேர் ஏரியில் கண்ணில் பட்டது. அடுத்த வருஷமே மிச்சிகனில் மன்ரோ என்ற ஊரின் குடிநீர்க் குழாய்க்குள் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, ஊருக்கே தண்ணீர் நின்றுபோனது. ஐந்து பெரிய ஏரிகளிலும் பரவ இரண்டு வருஷம்தான்.

ஒரு பெண் சிப்பி வருஷத்துக்குப் பத்து லட்சம் முட்டை வரை இடும். குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரில் தூசி மாதிரி மிதக்கும். வளர்ந்ததும் நூல் நூலாக ஒன்றைச் சுரந்து, கிடைத்ததில் ஒட்டிக்கொள்ளும். பாறை, குழாய், படகு, நங்கூரம் எதுவானாலும் சரி. உள்ளூர்ச் சிப்பிகளின் முதுகையும் விடுவதில்லை. ஒரே ஒரு உள்ளூர்ச் சிப்பியின் மேல் ஆயிரக்கணக்கில் ஏறி உட்கார்ந்து, வாயைத் திறக்கவும் விடாமல், மூடவும் விடாமல் சாகடித்துவிடும். செயின்ட் கிளேர் ஏரியில் காலங்காலமாக இருந்த பூர்வீகச் சிப்பிகள் சில வருஷங்களில் ஏறக்குறைய காணாமல் போயின.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒவ்வொரு சிப்பியும் நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வரை வடிகட்டும். கோடிக்கணக்கில் சேர்ந்து வடிகட்டினால் ஏரி பளிங்கு மாதிரி ஆகிவிடுகிறது. பார்க்க வந்தவர்கள், 'ஆஹா, ஏரி சுத்தமாகிவிட்டது' என்று சந்தோஷப்பட்டார்கள். அந்தக் கலங்கலில்தான் மீன்குஞ்சுகளின் சாப்பாடு இருந்தது. வெயில் அடிமட்டம் வரை இறங்கியதால் களைகள் வேறு தழைத்தன. கரையில் இறங்கிய குழந்தைகளின் காலை ஓடு கிழித்தது. கண்ணுக்கு அழகாக ஒரு ஏரி பட்டினி கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மின்னசோட்டாவுக்குப் போனால் பார்க்கலாம்.

பெரிய ஏரிகள் வரை கொண்டுவந்தது கப்பல்கள். சரி. அங்கிருந்து உள்நாட்டு ஏரிகளுக்கு, அதுவும் ஒன்றுக்கொன்று ஆறு, வாய்க்கால் தொடர்பே இல்லாத ஏரிகளுக்கு எப்படிப் போயிற்று? சிப்பிக்குக் கால் கிடையாது. மில் லாக்ஸ் என்ற பெரிய ஏரியில் 2005-ல் வந்தது. மினியாபொலிஸ் நகரத்தை ஒட்டிய மின்னடோங்கா ஏரியில் 2010-ல். மேற்கே, பாலைவனத்துக்கு நடுவில் இருக்கும் மீட் ஏரியில் இதன் பங்காளியான குவாகா மஸ்ஸல் 2007 ஜனவரியில் அகப்பட்டது. அதன் பழைய இருப்பிடத்துக்கும் மீட் ஏரிக்கும் நடுவில் பாதி அமெரிக்கா கிடக்கிறது. ஹைவேயில்தான் வந்திருக்க முடியும், நம் நல்ல மனிதரைப் போன்ற யாரோ ஒருவரின் படகில்.

"வாத்து கொண்டுபோயிருக்கலாமே?" என்று படகுக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வாத்தின் காலில், இறகில் ஒட்டிக்கொண்டு போக முடியுமா என்று ஆராய்ச்சியும் செய்திருக்கிறார்கள். போக முடியும், ஆனால் எண்ணிக்கை மிகச் சொற்பம். எனக்கு இன்னும் எளிமையான பதில் ஒன்று தோன்றுகிறது. கருங்கடலில் வாத்துகள் ஆயிரமாயிரம் வருஷமாகப் பறந்துகொண்டிருக்கின்றன. அவை லண்டனுக்குக் கொண்டுபோகாததைக் கால்வாய் வெட்டியவர்கள் கொண்டுபோனார்கள். வாத்தை விட்டுவிடலாம்.

செயின்ட் கிளேர் ஏரியின் கரையில், படகு இறக்கும் சரிவுகளில் ஆராய்ச்சியாளர்கள் சிலர் வெயிலில் நின்று, ஒவ்வொரு படகாகக் குனிந்து பார்த்தார்கள். 2001-ல் வெளியான ஆராய்ச்சி அது. எல்லோரும் நினைத்திருந்தது, சிப்பி படகின் அடியில் ஒட்டிக்கொண்டு போகிறது என்று. அப்படி இல்லையாம். டிரெய்லரில் சிக்கிய பாசியில்தான் அதிகம், கொஞ்சம் நங்கூரத்தில். கிளம்பிய படகுகளில் நூற்றுக்கு ஐந்து சொச்சம் இப்படிச் சிப்பியோடு கிளம்பின. வழியில் காய்ந்து செத்தவை, மறுபடி அதே ஏரிக்கே வந்தவர்கள் என்று எல்லாம் கழித்துப் பார்த்தால், உயிரோடு ஒரு சிப்பியை வேறொரு உள்நாட்டு நீர்நிலையில் கொண்டுபோய்ச் சேர்த்த படகுகள் அதிகபட்சம் 0.12 சதவிகிதம். அதாவது பத்தாயிரத்துக்குப் பன்னிரண்டு.

நம் மனிதருக்கு இது எவ்வளவு ஆறுதலான எண் பாருங்கள். பத்தாயிரத்தில் பன்னிரண்டு! ஹெல்மெட் போடாமல் தெருமுனைக் கடைக்குப் போகிறவரே இதைவிடப் பெரிய ரிஸ்க் எடுக்கிறார். ஆனால் அந்த ஆராய்ச்சி இதோடு நிற்கவில்லை. அந்தச் சரிவுகளில் கோடைகாலம் முழுக்க வந்துபோகும் படகுகளைக் கணக்கிட்டு, இந்தச் சின்ன எண்ணை அதால் பெருக்கினார்கள். ஒரே கோடையில் 170 தடவை சிப்பி வேறு ஏரிகளுக்குப் போய்ச் சேரும் என்று வந்தது.

ஆக, தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொருவரும் ஏறக்குறைய நிரபராதி. மொத்தமாகக் கேட்டால் 170.

இந்த மாதிரிக் கணக்கில் மனித மனசு தடுமாறும் என்பதை ஜொனாதன் குளோவர் என்ற ஆங்கிலேயத் தத்துவப் பேராசிரியர் 1975-ல் ஒரு குட்டிக் கதையாகச் சொன்னார். ஒரு கிராமம். நூறு பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் கிண்ணத்திலும் நூறு அவரைப் பருப்பு. நூறு கொள்ளைக்காரர்கள் துப்பாக்கியோடு வந்து ஆளுக்கொரு கிண்ணத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போகிறார்கள். அடுத்த வாரமும் வருகிறார்கள். ஆனால் அதற்குள் அவர்களுக்கு மனசாட்சி உறுத்தல். ஒரு ஆளைப் பட்டினி போடுவது பாவம் அல்லவா? அதனால் இந்த முறை ஒவ்வொரு கொள்ளைக்காரனும் ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரே ஒரு பருப்பை எடுத்துக்கொள்கிறான். ஒரு பருப்பு குறைந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நூறு பேரும் எடுத்து முடித்தார்கள். வயிறு நிறைந்தது, மனசும் நிறைந்தது. கிராமம் பழையபடி பட்டினி.

ஸீப்ரா மஸ்ஸல் விஷயம் இந்தக் கதையைவிடச் சிக்கலானது. பருப்புக் கதையில் ஒவ்வொருவனும் நிஜமாகவே ஒரு பருப்பு எடுத்தான். படகுக்காரர்களில் பத்தாயிரத்துக்கு 9,988 பேர் ஒன்றுமே எடுக்கவில்லை. மிச்சம் பன்னிரண்டு பேர் ஒரு கிண்ணத்தையே கவிழ்த்துவிட்டார்கள். அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்று அவர்களுக்கே தெரியாது. என்றைக்கும் தெரியவராது. சிப்பி பெருகிக் கண்ணில் படுவதற்கு வருஷக்கணக்கில் ஆகும். அப்போது பேப்பரில் செய்தி வரும். நம் மனிதர் காபி குடித்துக்கொண்டே படித்துவிட்டு, "சே, எவனோ பொறுப்பில்லாத பயல்" என்று உண்மையாகவே வருத்தப்படுவார்.

அந்தப் பன்னிரண்டு பேருக்கும் மற்றவர்களுக்கும் செய்கையில் வித்தியாசம் உண்டா? பாசியைப் பார்க்காமல் விட்டவர்கள் அத்தனை பேரும் செய்தது ஒன்றேதான். ஒருவர் டிரெய்லரில் பாசி வழியில் காய்ந்தது, இன்னொருவருடையது காயவில்லை. அன்றைக்கு மேகமூட்டமாக இருந்திருக்கும்.

பெர்னார்டு வில்லியம்ஸ் என்ற இன்னொரு ஆங்கிலேயர் 1976-ல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தார்மீக அதிர்ஷ்டம். அவர் சொன்ன உதாரணம் ஒரு லாரி டிரைவர். ஒழுங்காகத்தான் ஓட்டுகிறார். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்து அடிபட்டுச் செத்துவிடுகிறது. டிரைவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று நாம் எல்லோரும் சொல்வோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த டிரைவர், "ஆமா, என் தப்பு இல்லையே" என்று உடனே கையைத் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டால் நமக்கு அவரைப் பற்றி என்னவோ போல் ஆகிவிடும். வேடிக்கை பார்த்தவருக்கு வரும் வருத்தம் வேறு, வண்டி ஓட்டியவருக்கு வரும் வருத்தம் வேறு. அந்த இரண்டாவது வருத்தம் இருந்தே ஆக வேண்டும் என்கிறார் வில்லியம்ஸ்.

இதைப் படித்ததும் உங்களுக்குத் திருவாரூர் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. மனுநீதிச் சோழன் கதையை நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லோரும் அப்பாவைப் பற்றியே சொன்னார்கள். பசு மணி அடித்தது, ராஜா மகனையே தேர்க்காலில் இட்டார், ஆஹா என்ன நீதி! மகனை யாரும் கவனிப்பதில்லை. பெரிய புராணத்தில் அந்தப் பையன் கன்றைப் பார்க்கக்கூட இல்லை. அது திடீரென்று சக்கரத்தில் வந்து விழுகிறது. அவன் தேரை விட்டு இறங்கித் துடிக்கிறான். இதற்கு என்ன பரிகாரம் என்று கேட்க ஓடுகிறான். அந்த நேரத்தில் 'தப்பு என்னுடையது இல்லை' என்ற வாதம் அவன் வாயிலிருந்து வரவில்லை. வக்கீல் வேலையை மந்திரிகள் பார்த்துக்கொண்டார்கள்.

ராஜா கொடுத்த தண்டனை எனக்குச் சம்மதம் இல்லை. கன்று திரும்பி வராது, பையனும் போவான். (கடைசியில் இரண்டு பேரும் பிழைத்தார்கள் என்பது சிவபெருமான் தயவு. மின்னசோட்டாவில் அந்த வசதி கிடையாது.) ஆனால் பையனின் அந்தத் துடிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. நம் படகுக்காரருக்கு அந்தத் துடிப்புக்கே வழியில்லை. அவர் தேரில் அடிபட்ட கன்று எந்த ஊரில், எந்த வருஷம் செத்தது என்பதே அவருக்குத் தெரியாதே! மணி அடிக்கப் பசுவும் இல்லை.

அப்படியானால் இவரிடம் எதைக் கேட்பது?

மின்னசோட்டா சட்டம் இந்த இடத்தில் தத்துவவாதிகளைவிடப் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். 'நீ சிப்பி பரப்பினாயா?' என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை. நிரூபிக்க முடியாது என்று அதற்குத் தெரியும். ஏரியிலிருந்து கிளம்பும்போது படகின் அடியில் இருக்கும் தண்ணீர் அடைப்பானைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்காமல் ரோட்டில் போனால் அபராதம். டிரெய்லரில் பாசி தொங்கினால் அபராதம். அதில் சிப்பி இருந்ததா இல்லையா என்பது பேச்சே இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன் யாரையும் இடிக்காமல் வீடு போய்ச் சேர்ந்தாலும் குடித்தவன்தானே?

அமெரிக்கர்களுக்கு இது லேசில் ஜீரணமாகவில்லை. 'என் படகு, என் வரிப்பணம், பொது ஏரி, நடுவில் நீ யார்?' என்று கேட்கும் ஜாதி அது. சில மாநிலங்களில் சிப்பியை மோப்பம் பிடிக்க நாய்களைப் பழக்கி நிறுத்தியிருக்கிறார்கள். நாயிடம் யாரும் அரசியல் சாசனம் பேசுவதில்லை.

சட்டம் பிடிக்காத இடங்களும் உண்டு. படகுக்குள் மீனை உயிரோடு வைத்திருக்கும் தொட்டி, எஞ்சின் இடுக்கு, தூண்டில் புழுவும் சிறுமீனும் போட்டுவைத்த வாளி. அங்கெல்லாம் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் இருக்கும். முக்கியமாக அந்த மீன் தொட்டித் தண்ணீரில். அதனால்தான் சுத்தம் செய், வடித்துவிடு, காயவை என்று மூன்று வார்த்தைகளை எல்லா ஏரிக்கரையிலும் போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டுக்குப் பத்து நிமிஷம் போதும். மூன்றாவதுக்கு, அடுத்த ஏரியில் இறக்குவதற்கு முன் குறைந்தது ஐந்து நாள் காய வேண்டும் என்கிறார்கள். அல்லது அறுபது டிகிரி வெந்நீரால் கழுவ வேண்டும். சனிக்கிழமை ஒரு ஏரி, ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஏரி என்று போகிறவரிடம் ஐந்து நாள் என்றால் என்ன அர்த்தம்? வெந்நீர் கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமையைக் கொடு என்று அர்த்தம். பத்தாயிரத்துக்குப் பன்னிரண்டு என்கிற சந்தேகத்துக்காக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை! அவர் கொடுத்ததால் ஏதாவது ஏரி தப்பித்ததா என்பதும் அவருக்குக் கடைசி வரை தெரியாது. தானம் கொடுத்தால் வாங்கினவன் முகத்தையாவது பார்க்கலாம்.

சமணர்கள் இதைப் புரிந்துகொண்டிருப்பார்கள். மயில்பீலியால் தரையைக் கூட்டிவிட்டு உட்காரும் துறவி, அந்த இடத்தில் எறும்பு இருந்ததா என்று கணக்கெடுப்பதில்லை. தத்துவார்த்த சூத்திரம் என்கிற அவர்களுடைய மூலநூல், ஹிம்சை என்பதற்கு இலக்கணம் சொல்லும்போது, உயிர் போவதை மட்டும் சொல்வதில்லை. அஜாக்கிரதையால் உயிர் போவதைச் சொல்கிறது. கோபம், குரோதம் எல்லாவற்றையும் தாண்டி, கவனமின்மையை நடுவில் வைத்தார்கள். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்பே டிரெய்லரைக் குனிந்து பாரென்று சொன்ன மாதிரி இருக்கிறது.

'நமக்கு ஏது சார் மோட்டார் படகு?' என்கிறீர்களா? வாஸ்தவம். உங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்கு வருவோம்.

மீன் கடையில் 'டேங்க் கிளீனர்' என்று ஒரு மீன் விற்பார்கள். சக்கர் என்றும் சொல்வார்கள். கறுப்பாக, புள்ளி புள்ளியாக, தொட்டிக் கண்ணாடியில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். வாங்கும்போது இரண்டு அங்குலம். கடைக்காரர் சொல்ல மறந்த விஷயம், தென் அமெரிக்க நதிகளிலிருந்து வந்த இந்த ஜாதி ஒரு அடிக்கு மேல் வளரும், பத்து வருஷத்துக்கு மேல் உயிர் வாழும். தொட்டி கொள்ளாமல் போகிறது. குழந்தைகள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். கொல்ல மனசு வருமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளியில் எடுத்துக்கொண்டு போய், பக்கத்து ஏரியில் 'போய்ப் பிழைச்சுக்கோ' என்று விட்டுவிட்டு வருகிறார்கள். குழந்தைகள் டாட்டா காட்டுகின்றன.

அது நன்றாகவே பிழைத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் மீனவர் வலைகளில் இப்போது இதுதான் வந்து விழுகிறது. முள் துடுப்பு வலையைக் கிழிக்கிறது. வாங்க ஆள் இல்லை. கரையில் துளை போட்டு முட்டை வைக்கிறது. காற்றையே சுவாசிக்கத் தெரிந்ததால் கரையில் வீசினாலும் மணிக்கணக்கில் சாவதில்லை. கிழிந்த வலையோடு உட்கார்ந்திருக்கும் மீனவருக்கு, இதைக் கொண்டுவந்து விட்டது ஒரு குடும்பத்தின் கருணை என்று சொன்னால் என்ன சொல்வார்?

படகுக்காரராவது பார்க்காமல் செய்தார். இவர்கள் பார்த்து, யோசித்து, இரக்கப்பட்டுச் செய்கிறார்கள். வங்காளத்தில் ஆகாயத்தாமரையும் இப்படித்தான். ஊதாப்பூ அழகாக இருக்கிறதே என்று கொண்டுவந்தார்கள். 1936-ல் அதை ஒழிப்பதற்கென்றே ஒரு தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. இன்னும் ஒழிந்தபாடில்லை. மீன்தொட்டி விஷயத்தில் அமெரிக்காவும் நம்மைப் போலத்தான். தொட்டியில் அழகுக்குப் போடும் பச்சை நிறப் பாசி உருண்டைக்குள் ஸீப்ரா மஸ்ஸல் இருப்பதை 2021-ல் கண்டுபிடித்தார்கள். பல மாநிலங்களின் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது. வாங்கியவர்களிடம், அதைக் கொதிநீரில் போட்டோ ஃப்ரீஸரில் வைத்தோ கொன்று குப்பையில் போடுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள் என்று அரசாங்கம் கெஞ்ச வேண்டியிருந்தது.

ஒருமுறை வந்துவிட்டால் திருப்பி அனுப்ப முடியுமா? வர்ஜீனியாவில் மில்புரூக் என்று ஒரு பழைய கல்குவாரி. தண்ணீர் நிரம்பி, ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ளும் இடமாகிவிட்டது. 2002-ல் அதில் ஸீப்ரா மஸ்ஸல் கண்டார்கள். 2006-ல் சுமார் மூன்று வாரம் பொட்டாசியம் குளோரைடு கரைசலை ஊற்றி ஊற்றி ஒன்று விடாமல் ஒழித்தார்கள். திறந்த நீர்நிலையில் அமெரிக்கா ஜெயித்த முதல் யுத்தம் அது. அந்தக் குவாரி 12 ஏக்கர். மில் லாக்ஸ் ஏரி ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல்.

உங்கள் தொட்டியில் அந்த மீன் இருந்தால், வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சில கடைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் இல்லையென்றால், இன்னும் பத்து வருஷம் நீங்களே வளர்க்க வேண்டும், அல்லது கொல்ல வேண்டும். எழுதுவதற்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. குழந்தைகளிடம் எதைச் சொல்வது என்பதையும் நீங்கள்தான் யோசிக்க வேண்டும். ஏரி இருக்கிறதே என்று மட்டும் சொல்லாதீர்கள்.